அக்காவுக்கு அனுப்பிய 42 பரிந்துரைகள்

என் அக்காவுக்கு ஒருமுறை 42 பரிந்துரைகள் கொண்ட பட்டியல் ஒன்றை அனுப்பினேன். யாரும் பேசாத படங்கள், பூச்சிகள், கதவுக் கைப்பிடிகள், இணைய விளையாட்டுகள் என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டு, நட்சத்திரமும் இட்டிருந்தேன். "நன்றாக இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன்" என்று பதில் வந்தது. அந்த அப்புறம் ஆறு வருடமாக வரவில்லை.

தவறு என்னுடையதுதான். அது அவளுக்காகப் போட்ட பட்டியல் இல்லை. எனக்கு எவ்வளவு தெரியும் என்று காட்டப் போட்டது. இப்போது ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் கொடுக்கிறேன். அதற்கென ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் ஆட்களின் பெயர்தான் இருக்கும். அவர்கள் எதைப் பார்த்து எரிச்சலடைகிறார்கள், எதை எண்ணிக்கொண்டே இருப்பார்கள், எங்கே சும்மா நின்றுவிடுவார்கள் என்று கீழே குறித்து வைப்பேன். ஏதாவது கண்ணில் பட்டால் அந்த நோட்டைப் புரட்டுவேன். ஆள் அகப்படாவிட்டால் வாயை மூடிக்கொள்வேன். இதுதான் இருப்பதிலேயே கடினம்.

"எனக்குப் படம் பார்க்க நேரமே இல்லை" என்று நாள்தோறும் சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1977-இல் வெளியிட்ட 'பவர்ஸ் ஆஃப் டென்' படத்தைச் சொன்னேன். புல்தரையில் படுத்திருக்கும் ஒரு மனிதரிலிருந்து பத்து விநாடிக்கு ஒருமுறை பத்து மடங்கு தூரம் விலகிப்போகும் படம். ஆனால் இதையெல்லாம் அவரிடம் விளக்கவில்லை. "ஒன்பது நிமிடம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்" என்றேன், அவ்வளவுதான். நேரமில்லாதவருக்கு முதலில் நேரக் கணக்கைத்தான் சொல்லவேண்டும்.

இயற்கை விஷயத்தில் "அற்புதம், கட்டாயம் பாருங்கள்" என்ற பேச்சு எடுபடாது. எங்கே குனிய வேண்டும், கையில் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவேண்டும். மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் குழியானைப் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி அனுப்புவது இப்படி இருக்கும்: "மழை படாத இடத்தில், சுவரோரம், மாவுபோன்ற மணல் இருந்தால் குனிந்து பார். புனல்போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஒரு புல்நுனியால் குழியின் சரிவை மெல்லச் சுரண்டு. நாலைந்து மணல் உருண்டால் போதும். பிறகு அடியைப் பார்." அடியில் புதைந்து கிடக்கும் புழு, எறும்பு விழுந்துவிட்டது என்று நினைத்து மணலை வாரி மேலே வீசும். மேலே ஏற முயலும் எறும்பு அந்தச் சரிவில் மீண்டும் வழுக்கி விழ வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. இந்தக் கடைசி இரண்டு வரிகளை நான் அனுப்புவதில்லை. அதைப் பார்த்துவிட்டு அவர்களே கேட்பார்கள். அது பின்பக்கமாகவே நடக்கும் என்பதையும், புழுப்பருவம் முடியும்வரை மலமே கழிக்காது என்பதையும் அப்போது சொன்னால் போதும். இரண்டாவதைச் சாப்பாட்டு வேளையில் சொல்லவேண்டாம்; எனக்கு அனுபவம் உண்டு.

எதை ஒளிப்பது என்பதில் நான் சறுக்கியதும் உண்டு. கிறிஸ் மார்க்கர் 1962-இல் எடுத்த 'லா ஜெத்தே' 28 நிமிடப் படம். ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆனது. ஓரிடத்தில் மட்டும் ஒரு கணம் படம் அசையும். அந்த இடம் எது என்று ஆர்வக்கோளாறில் ஒரு தோழியிடம் உளறிவிட்டேன். அவள் அந்தக் காட்சிக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, "ஆமாம், அசைந்தது" என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம், அவளுக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு டிக். அது எங்கே வருகிறது என்று உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

வடிவமைப்பைப் பரிந்துரைப்பது சுலபம், ஏனென்றால் பொருள் பெரும்பாலும் கேட்பவர் கையிலேயே இருக்கும். "கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டைத் தடவு, இரண்டு எழுத்துகளில் மட்டும் சிறு மேடு இருக்கும்" என்றால் போதும். ஆட்காட்டி விரல்கள் பார்க்காமலேயே தம் இடத்தைப் பிடிக்கத்தான் அது என்பதை அவரே கண்டுபிடித்துவிடுவார். பேனா மூடியின் நுனியில் ஓட்டை எதற்கு என்றும் கேட்கலாம். குழந்தை விழுங்கிவிட்டால் மூச்சுக்காற்று போவதற்கு என்றதும் பேச்சு சற்று நின்றுவிடும்.

விளையாட்டைச் சொல்லும்போது அதன் குறையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். கணக்குத் தொடங்க வேண்டுமா, பாதியில் காசு கேட்குமா, ஒலி தேவையா? 2013-இல் வந்த 'எ டார்க் ரூம்' எழுத்துகளால் மட்டுமே நகரும். திறந்தால் ஓர் இருட்டறை, நெருப்பு மூட்ட ஒரு பொத்தான். "முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்" என்று நான் யாரிடம் முன்பே சொன்னேனோ, அவர்கள் தொடர்ந்தார்கள். யாரிடம் சொல்லாமல் விட்டேனோ, அவர்கள் மூடிவிட்டார்கள். 2021-இல் பரவிய, ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் 'வேர்டில்' என்ற இணையப் புதிர் பரிந்துரைக்கும் வேலையைத் தானே செய்துகொண்டது. விடையைக் காட்டாமல், எத்தனை முறை தடுமாறினோம் என்பதை மட்டும் வண்ணக் கட்டங்களாக அனுப்பலாம். புதிர் கெடாது, பார்ப்பவருக்கு ஆவல் மட்டும் ஏறும்.

அனுப்பிய பிறகு "பார்த்தாயா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

அக்காவுக்குப் போன மாதம் குழியானைக் குறிப்பை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு காணொளி வந்தது. கூடவே ஒரு சொல்லும் இல்லை. புல்நுனி நடுங்குகிறது, குழியின் அடியிலிருந்து மணல் தெறிக்கிறது. பின்னால் அத்தானின் குரல்: "இன்னொரு தடவை செய், இன்னொரு தடவை."