‘கண்மாய்’ என்று தேடினால் ‘கண்மாயில்’ கிடைக்காது

நான் மெய்ப்புப் பார்ப்பவள். இப்போது என் கையில் இருப்பது சிவகங்கைச் சீமையின் கண்மாய்களைப் பற்றிய 412 பக்க நூல். ஒரே வேர்டு கோப்பு. சென்ற வாரம் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு கண்மாயின் கலுங்கு வழியாக உபரிநீர் தெற்கே போகிறது என்று ஓரிடத்திலும், கிழக்கே போகிறது என்று வேறோர் இடத்திலும் எழுதிவிட்டதாக அவருக்குச் சந்தேகம். எந்தப் பக்கம் என்று அவருக்கு நினைவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் பலரும் சுட்டியின் சக்கரத்தை உருட்டத் தொடங்குகிறார்கள். பாதி வழியில் கண் சோர்ந்துவிடும். கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் சொல்லைத் தேடலாம் என்று தெரிந்தவர்கள்கூட, தமிழில் தேடும்போது முழுச் சொல்லைத் தட்டிவிட்டு, வந்தது போதும் என்று நின்றுவிடுகிறார்கள். அங்கேதான் பிழைகள் தப்பிக்கின்றன.

தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறும். ‘கண்மாய்’ என்று தேடினால் கண்மாய்க்கு, கண்மாய்க்கரை ஆகியவை வரும். கண்மாயில், கண்மாயை, கண்மாயின் ஆகியவை வரமாட்டா. ‘ய்’யின் புள்ளி போய் உயிர் ஏறிவிட்டதால் கணினிக்கு அது வேறு எழுத்து. அதனால் ‘கண்மா’ என்று மட்டும் தட்டுங்கள், எல்லாம் வரும். ‘குளம்’ இன்னும் கொஞ்சம் வேலை வாங்கும்: குளம், குளத், குளங் என்று மூன்று முறை தேட வேண்டும். ‘குள’ என்று சுருக்கினால் குளிரும் குளியலும் சேர்ந்து வந்து பட்டியலை அடைத்துக்கொள்ளும். எந்தச் சொல்லையும் தேடுவதற்கு முன், அதோடு ஐ, இல், கு சேர்த்து மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். எது வரை மாறாமல் நிற்கிறதோ அதுவரை தட்டினால் போதும்.

சிறிய சொற்களில் எதிர்ப்பக்கத் தொல்லை உண்டு. ‘மடை’ என்று தேடினேன்; குணமடைந்தார், ஏமாற்றமடைந்தனர் எல்லாம் வந்து நின்றன. சொல்லுக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டுத் தேடினால் இவை விலகிவிடும். பின்னால் இடைவெளி விடாதீர்கள், அங்கேதான் உருபுகள் வந்து ஒட்டும். ‘முழுச் சொற்களை மட்டும்’ என்னும் வசதியும் இதே காரணத்தால் தமிழுக்கு உதவாது. பத்தியின் முதல் சொல்லாகவோ மேற்கோள் குறிக்குள்ளோ வரும் மடைக்கு முன்னால் இடைவெளி இருக்காது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

தேடியது கிடைக்கவில்லை என்றால் கோப்பில் அது இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1801-இல் ஆங்கிலேயர் சிவகங்கைக்கு ஜமீன்தாராக அமர்த்திய கௌரி வல்லப உடையத் தேவரின் பெயரைச் சொல்லடைவுக்காகத் தேடினேன். நான் படித்தபோது கண்ட இடங்களில் பாதிதான் வந்தது. மீதி இடங்களில் தட்டச்சு செய்தவர் ‘கௌ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘கெ’ போட்டு அருகில் ‘ள’ வைத்திருந்தார். கௌரி, கெளரி: கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஔவையாரும் இப்படித்தான் ஒளவையாராகிவிடுவார். இந்த வகைச் சொற்களை இரண்டு விதமாகவும் தேடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பகுதி என்றால் எப்படித் தேடினாலும் வராது. அங்கே திரையில் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். முதலில் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு தேடுங்கள்.

வாய்மொழிப் பதிவுகளில் மக்கள் சொன்னபடியே கம்மாய், கலிங்கு என்று வரும். அதைத் திருத்தக் கூடாது, அது அவர்கள் பேச்சு. ஆனால் தேடும்போது கணக்கில் எடுக்க வேண்டும். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. கண்ட்ரோலும் எச்சும் அழுத்தி, கூடுதல் விருப்பங்களில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கலுங்கு|கலிங்கு என்று நடுவில் செங்குத்துக் கோடு போட்டுத் தேடினால் இரண்டும் ஒரே தேடலில் அகப்படும்.

வேர்டில் கண்ட்ரோல், எஃப் அழுத்தியதும் இடப்பக்கம் ஒரு பலகை திறக்கும். அதில் தலைப்புகள் பட்டியலாகத் தெரிய வேண்டுமானால், இயல் தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ பாணியைக் கொடுத்திருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. தலைப்பில் சொடுக்கிவிட்டு ஆல்ட், கண்ட்ரோல், 1 அழுத்துங்கள், உட்தலைப்புக்கு 2. என்னிடம் வரும் எந்தக் கோப்பிலும் முதல் அரை மணி நேரத்தை இதற்குத்தான் கொடுக்கிறேன். பிறகு ஒரு சொல்லைத் தேடினால், அது வரும் இயல்களின் தலைப்புகள் மட்டும் அந்தப் பலகையில் மஞ்சளாக மின்னும். கலுங்கு 4-ஆம் இயலிலும் 11-ஆம் இயலிலும் இருப்பது அப்படித்தான் ஒரே பார்வையில் தெரிந்தது. ரைட்டரில் எஃப் 5 அழுத்தினால் இதே போன்ற வழிகாட்டி திறக்கும்.

முரண்படும் இரண்டு இடங்களை ஒன்றாக வைத்துப் படிக்க, வேர்டின் ‘வியூ’ பகுதியில் ‘ஸ்பிளிட்’ இருக்கிறது. மேலே 4-ஆம் இயல், கீழே 11-ஆம் இயல். நேரே குறிப்பிட்ட பக்கத்துக்குப் போகக் கண்ட்ரோல், ஜி. பிறகு விட்ட இடத்துக்குத் திரும்ப ஷிஃப்ட், எஃப் 5. கடைசியாகத் திருத்திய மூன்று இடங்கள் வரை பின்னோக்கி அழைத்துப் போகும்.

ஆண்டுகளைச் சரிபார்க்க நான் விரும்பும் வழி ஒன்று. 6 என்ற எண்ணுக்கு மேலே இருக்கும் கூரைக் குறியையும் # குறியையும் சேர்த்து நான்கு முறை, ^#^#^#^# என்று, வேர்டின் தேடல் பெட்டியில் இடுங்கள். நான்கு இலக்க எண்கள் வரிசையாக வரும். 1801 எங்காவது 1810 ஆகியிருந்தால் அங்கே பிடிபடும்.

‘எல்லாவற்றையும் மாற்று’ என்னும் பொத்தானைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். முன்பு ஒரு நூலில் ஏரி என்பதையெல்லாம் கண்மாய் என்று ஒரே அழுத்தில் மாற்றினேன். ஏரியில் என்பது ‘கண்மாய்யில்’ ஆனது. பேச்சில் வந்த ஏரியா ‘கண்மாய்யா’ ஆனது. இரண்டு நாள் உழைப்பு அதைச் சீராக்கப் போனது. தமிழில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். நேரமாகும், ஆகட்டும்.

திரும்பி வர வேண்டிய இடங்களில் நான் ‘ஃஃ’ என்று இரட்டை ஆய்தம் போட்டு வைக்கிறேன். தமிழில் எந்தச் சொல்லிலும் ஆய்தம் அடுத்தடுத்து வராது. ஆகவே ஃஃ என்று தேடினால் என் குறிகள் மட்டுமே வரும். ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் கோப்பு அச்சகத்துக்குப் போகும். நேற்று மாலை 17 இருந்தன. இன்று 6. அவற்றில் இரண்டு அந்தக் கலுங்கைப் பற்றியவை. ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் ஊருக்குப் போகிறார். கரையில் நின்று பார்த்துவிட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வார்.