பெட் காலியானதும் ஒரு நிமிடம்

சேலத்தில் ஐசியூ நர்ஸாக இருக்கும் என் தங்கை, பன்னிரண்டு நாள் கவனித்துக்கொண்ட பெரியவர் இறந்த அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீடு திரும்பினாள். பெட்ஷீட் மாற்றுவதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டாராம். அழ எங்கே நேரம்?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற நர்ஸ் தொடங்கிய வழக்கம் இதற்கு உதவும். உயிர் பிரிந்ததும் டாக்டர், நர்ஸ், துப்புரவு ஊழியர் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். அவ்வளவுதான். "ஒரு நிமிஷம் நிற்போம்" என்று யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் "உனக்கு இதெல்லாம் பழகியிருக்குமே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேளுங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் மிளகு பறித்தவராம்; தங்கை அரை மணி நேரம் பேசினாள், அப்புறம்தான் டப்பாவைத் திறந்தாள்.

தூக்கமே வராமல் நாட்கள் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.