நண்பர்களுடன் நியூசிலாந்துக்குப் பறவை பார்க்கச் செல்வோருக்கு

நியூசிலாந்துக்குப் புறப்படும் குழு முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அங்கே பறவைப் பட்டியல் அவ்வளவு நீளாது. வெப்பமண்டலக் காடு ஒன்றில் சில நாள்களில் எண்ணிவிடக்கூடிய இனங்களை அங்கே மூன்று வாரம் அலைந்தாலும் எட்ட முடியாது. ஆனால் அந்நாட்டுக் காடுகளுக்கே உரிய பறவைகளில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. எண்ணிக்கைக்காக ஓடுபவர்கள் வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதை அந்தத் தீவுகளின் வரலாறே தீர்மானிக்கிறது. வௌவால்களைத் தவிர வேறு நிலவாழ் பாலூட்டிகள் இல்லாத நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்த பறவைகள், தரையில் கூடு கட்டவும் தரையிலேயே இரை தேடவும் பழகின. அவற்றில் பல பறக்கும் ஆற்றலையே இழந்தன. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் பாலினீசியர்களுடன் எலியும் நாயும் வந்தன. பின்னர் வந்த ஐரோப்பியர்கள் பூனையையும் முயலையும் கொண்டுவந்ததோடு, பெருகிவிட்ட முயல்களை ஒழிக்கவென்று 1880களில் ஸ்டோட் என்னும், கீரியை ஒத்த ஊனுண்ணியையும் காடுகளில் விட்டனர். மோவா என்னும் பறக்காத பெரும்பறவையின் இனங்கள் அனைத்தும் அதற்கு முன்பே வேட்டையில் அழிந்திருந்தன; ஹூயா என்னும் அழகிய பறவையை 1907க்குப் பின் உறுதியாகக் கண்டவர் எவரும் இல்லை. எஞ்சியவற்றுள் அரியவை இன்று எலியும் ஸ்டோட்டும் அகற்றப்பட்ட சிறு தீவுகளிலும், வேலியிட்ட சரணாலயங்களிலுமே செழிக்கின்றன. எனவே வரைபடத்தில் பெரிய தேசியப் பூங்காக்களைத் தேடி வட்டமிடுவதை விட்டுவிட்டு, இந்தச் சிறு இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே பாதை போட வேண்டும். பரந்த காட்டில் ஒரு நாள் முழுக்க நடந்தும் காதில் விழாத குரல், 220 ஹெக்டேர் தீவில் படகை விட்டு இறங்கியதும் கேட்கும்.

எப்போது செல்வது

பருவங்கள் அங்கே தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம். காட்டுப் பறவைகளின் பாட்டு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை உச்சத்தில் இருக்கும். அலாஸ்காவிலிருந்து செப்டம்பரில் வலசை வரும் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவைகள் மார்ச்சில் திரும்பத் தொடங்கும். 2007இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு மூக்கன், அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துவரை எங்குமே இறங்காமல் 11,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து வந்தது. இந்த மூக்கன்களின் கூட்டத்தைச் சேற்றுக் கரையில் பார்ப்பதற்காகவே ஒரு நாளை ஒதுக்கலாம். ரைபில் என்னும் சிறு கரைப்பறவையோ தென்தீவின் கிளைபிரிந்தோடும் ஆறுகளில் முட்டையிட்டு வளர்த்துவிட்டு, ஜனவரி முதல்தான் வடக்கே திரளாக வந்து சேரும். பக்கவாட்டில், அதுவும் வலப்புறமாகவே வளைந்த அலகு கொண்ட பறவை உலகிலேயே இது ஒன்றுதான்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு காலங்கள் தேறுகின்றன. பாட்டும் கூடுகட்டுதலும் முக்கியம் என்றால் நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. கரைப்பறவைகள் முக்கியம் என்றால் பிப்ரவரி இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. அப்போது மூக்கன்களின் ஆண்கள் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும், ரைபில்களும் அங்கேயே இருக்கும். என் தேர்வு முதலாவது. டிசம்பர் இறுதியும் ஜனவரியும் அந்நாட்டின் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் தங்குமிடமும் படகும் கிடைப்பது கடினம்.

வடக்கிலிருந்து தெற்காக ஒரு பாதை

மூன்று வாரம் கையில் இருந்தால் ஆக்லாந்தில் இறங்கி, தரைவழியாகவும் கடல்வழியாகவும் தெற்கே ஸ்டூவர்ட் தீவுவரை செல்லலாம். பத்து நாள் மட்டுமே என்றால் ஆக்லாந்துப் பகுதியையும் தென்கோடியையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவே விமானத்தில் பறந்துவிடுவது மேல்; எல்லாவற்றையும் தொட்டுவிட முயலும் குழு, பறவைகளைவிட நெடுஞ்சாலையைத்தான் அதிகம் பார்க்கும்.

ஆக்லாந்துக்கு அருகிலுள்ள டிரிட்டிரி மட்டாங்கி தீவை முதல் இடமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மரங்கள் வெட்டப்பட்டு மேய்ச்சல் நிலமாகக் கிடந்த இந்தத் தீவில் 1984 முதல் பத்தாண்டுகளில் தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை நட்டார்கள். இன்று சாடில்பேக், ஹிஹி, கோகாகோ ஆகிய அரிய காட்டுப் பறவைகளை ஒரே நடையில் காணவும், அவற்றின் குரல்களைப் பழகிக்கொள்ளவும் இதைவிட எளிய இடம் இல்லை. இங்கே காது பழகிவிட்டால் பின்வரும் நாள்களில் பாதி வேலை மிச்சம். வாரத்தின் எல்லா நாள்களிலும் படகு கிடையாது என்பதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே படகு நாள்களைப் பார்த்துவிட வேண்டும். தீவில் உணவு விற்பதில்லை. கொண்டு செல்வதை மூடி இறுகிய பைகளில் எடுத்துச் சென்று, குப்பையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இங்கேயே டகாஹேயையும் பார்க்கலாம். நம் ஏரிகளின் நீலத் தாழைக்கோழிக்கு நெருங்கிய உறவு, ஆனால் பறக்காது, உடலும் பல மடங்கு கனம். அழிந்துவிட்டது என்று கருதப்பட்ட இதை 1948இல் ஜெஃப்ரி ஆர்பெல் என்ற மருத்துவர் தென்தீவின் மலைகளில் மீண்டும் கண்டுபிடித்தார். தாழைக்கோழியின் இன்னொரு உறவான புகேகோ நாடெங்கும் சாலையோரப் புல்வெளிகளில் மேய்வதால், முதல் நாளிலேயே காரிலிருந்து "டகாஹே!" என்று கூவும் நண்பர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். கால் மெலிந்து, பறந்தும் போனால் அது புகேகோ.

ஆக்லாந்துக்குத் தென்கிழக்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ள புகோரோகோரோ மிராண்டா கரைக்குச் செல்லும் நாளைக் கடிகாரம் பார்த்து முடிவுசெய்ய முடியாது. கடல் ஏற்ற அட்டவணைதான் கணக்கு. நீர் வடிந்திருக்கும்போது மூக்கன்கள் கிலோமீட்டர் கணக்கில் பரந்த சேற்றில் சிதறிப் புள்ளிகளாகத் தெரியும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக மறைவிடத்தில் அமர்ந்துவிட்டால், ஏறிவரும் நீரே அவற்றைக் கரையோரமாகத் தள்ளிக் கொண்டுவந்து கண்முன் நிறுத்தும்.

வெலிங்டனில் ஜீலாண்டியா சரணாலயம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 225 ஹெக்டேர் பள்ளத்தாக்கைச் சுற்றி 8.6 கிலோமீட்டர் வேலி, எலிகூட நுழைய முடியாத வலையுடன் எழுப்பப்பட்டது. பகலில் காகா என்னும் பழுப்புக் கிளிகளையும், முன்பதிவு செய்து செல்லும் இரவு நடையில் சிறு புள்ளிக் கிவியையும் தேடலாம். அங்கிருந்து பிக்டனுக்குக் குக் நீரிணையைக் கடக்கும் கப்பல் பயணம் மூன்றரை மணி நேரம் எடுக்கும். அதை ஓய்வு நேரமாக நினைத்து உள்ளே உறங்காமல் மேல்தளத்தில் நின்றால் கடற்பறவைகளைக் காணலாம். வாடகைக் காரை வெலிங்டனில் விட்டுவிட்டுப் பிக்டனில் வேறொன்றை எடுப்பது பல நிறுவனங்களின் நடைமுறை.

கைக்கோராவில் கரைக்கு மிக அருகிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அதனால் நாள்கணக்கில் கப்பலில் சென்று பார்க்க வேண்டிய அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவைகளை, இரண்டு மூன்று மணி நேரப் படகுப் பயணத்தில் சில மீட்டர் தொலைவில் காண முடிகிறது. இந்தப் பயணத்துக்குச் செலவிடும் பணத்தில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம். அதிகாலைப் படகையே தேர்ந்தெடுங்கள். காற்று எழும்பினால் படகு ரத்தாகும், எனவே இந்த ஊரில் இரண்டு இரவு தங்குவது பாதுகாப்பு.

ஆர்தர்ஸ் பாஸ் மலைப்பகுதியில் கீயா கிளிகளைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. கார் நிறுத்துமிடத்துக்கு அவையே வரும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பிய்க்கும், திறந்து கிடக்கும் பையைக் குடையும். உணவு மட்டும் கொடுக்கக் கூடாது. மனிதரிடம் உண்ணப் பழகிய கீயா வாகனங்களில் அடிபட்டும் ஈயம் போன்ற நஞ்சுகளைக் கொறித்தும் சாகிறது.

டனிடின் அருகே ஒடாகோ தீபகற்பத்தின் டைரோவா முனையில், மனிதர் வாழும் பெருநிலப்பகுதியில் அரச அல்பட்ராஸ்கள் குடியிருப்பாகக் கூடு கட்டும் ஒரே இடம் இருக்கிறது. இணைசேரும் காலமான செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் பிற்பகுதி வரை பார்வைக் கூடம் மூடியிருக்கும். நவம்பர் கடைசி வாரத்தை நான் முன்பு குறிப்பிட்டதற்கு இதுவும் காரணம். அதே தீபகற்பத்தில் ஹொய்ஹோ என்னும் மஞ்சள்கண் பென்குயின் மாலையில் கரையேறும். கடற்கரையில் ஆள் நின்றால் அது நீரைவிட்டு வெளியே வராது, குஞ்சு பட்டினி கிடக்கும். மறைவிடத்திலிருந்து, குறைந்தது 50 மீட்டர் தள்ளியே பார்க்க வேண்டும்.

தென்கோடியில் பிளஃப் துறைமுகத்திலிருந்து ஸ்டூவர்ட் தீவுக்கு ஒரு மணி நேரக் கடல் பயணம். அலைகள் கடுமையானவை, குமட்டலுக்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து சிறு படகில் உல்வா தீவுக்குச் செல்லலாம். அதன் பாதைகளில் நின்று காலால் சருகை மெல்லக் கிளறினால், வெளிப்படும் பூச்சிக்காக ராபின் பறவை காலணியின் நுனிவரை வந்து நிற்கும். இரவில் வழிகாட்டியுடன் சென்றால் கிவியைக் காணும் வாய்ப்பு மிகுதி. டிசம்பரில் அங்கே இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறையும் என்பதால் கிவி நடை முடிய நள்ளிரவாகிவிடும். மறுநாள் விடியற்காலையில் எந்தத் திட்டமும் வைக்க வேண்டாம்.

குழுவாகச் செல்வதன் சிக்கல்கள்

நான்கு பேர் என்றால் ஒரே காரில் அடங்கலாம், ஆறு பேருக்கு வேன் வேண்டும். ஆறுக்கு மேல் போனால் இரண்டு வண்டிகள் தேவைப்படும். முன்வண்டி கண்ட பருந்தைப் பின்வண்டி காணாது, பேச்சு வளரும். குழுவில் படம் எடுப்பவர் ஒரு பறவையிடம் ஒரு மணி நேரம் நிற்க விரும்புவார், பட்டியல் போடுபவர் ஐந்து நிமிடத்தில் நகர விரும்புவார். இதை அங்கே போய்த் தீர்க்க முடியாது. காலையில் ஒன்றாக, பிற்பகலில் அவரவர் விருப்பப்படி என்று புறப்படும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பறவைப் பட்டியலைப் பதியும் இபேர்ட் செயலியில் ஒருவர் பதிவுசெய்து மற்றவர்களுடன் பகிர்ந்தால் போதும். எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பறவையைப் பார்க்க ஆளிருக்காது. ரைஃபிள்மேன் என்னும் ஆறேழு கிராம் எடையுள்ள பறவையின் குரல் மிகவும் கூர்மையானது, வயதானவர்கள் பலருக்கு அது கேட்பதே இல்லை; குழுவில் இளையவர் இருந்தால் காட்டில் அவரை முன்னே நடக்கவிடுங்கள்.

நுழைவும் மூட்டையும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பார்வையாளர் விசா தேவை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மின்னணுப் பயண அனுமதி போதும். 2024 அக்டோபரிலிருந்து சுற்றுலாப் பயணிகள் மீதான தனி வரி 100 நியூசிலாந்து டாலர்.

விமான நிலையத்தில் உயிரிப்பாதுகாப்புச் சோதனையை எவரும் இலேசாக எண்ண வேண்டாம். பழம், விதை, தேன், இறகு மட்டுமின்றி, பயன்படுத்திய நடைக் காலணியையும் கூடாரத்தையும் படிவத்தில் குறிப்பிட்டாக வேண்டும். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். புறப்படும் முன் காலணியின் அடிப்பள்ளங்களில் உள்ள மண்ணைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி உலர்த்திவிட்டு, அதைப் பெட்டியின் மேற்பகுதியிலேயே வையுங்கள். கௌரி என்னும் அந்நாட்டுப் பெருமரக் காடுகளின் நுழைவிலும் காலணியைக் கழுவும் நிலையங்கள் உண்டு. சரணாலயத் தீவுகளுக்குப் படகேறும் முன் பையைத் திறந்து எலியோ விதையோ உள்ளதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஒரே ஒரு கருவுற்ற எலி பல ஆண்டு உழைப்பை அழித்துவிடும் என்பதால் அதைக் கவனமாகச் செய்ய வேண்டும்.

பைனாகுலரில் எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பத்து மடங்கு படகில் நடுங்கும், அடர்காட்டில் இருட்டும். கரைப்பறவைகளுக்காகக் குழுவுக்கு ஒரே ஒரு தொலைநோக்கியும் முக்காலியும் எடுத்துச் செல்லலாம். மழைக்கோட்டு, வெயில் களிம்பு, மேற்குக் கரையின் மணல் ஈக்களுக்கான பூச்சு ஆகியவை கட்டாயம். கிவி நடைக்குச் சிவப்பு ஒளி விளக்கு மட்டும். கேமராவின் ஃபிளாஷ் ஒளியுடன் படம் எடுக்க எந்த வழிகாட்டியும் விடமாட்டார்.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிபரப்பி அழைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கூடுகட்டும் காலத்தில் தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி அப்பறவை இரையையும் குஞ்சையும் விட்டு அலையும். அந்நாட்டின் 1953ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவைகளைத் தொல்லை செய்வதே குற்றம். மணற்கரைகளில் உப்புக்கொத்திகள் வெறும் மணலில் முட்டையிடுவதால், அலை நனைத்த ஈர மணலிலேயே நடக்க வேண்டும். மிராண்டாவில் மூக்கன் ஒன்றின் காலில் சிறு அடையாளக் கொடி தெரிந்தால், அதன் நிறத்தையும் எழுத்துகளையும் எந்தக் காலில் உள்ளது என்பதையும் குறித்துக்கொண்டு, அங்குள்ள கரைப்பறவை மையத்தில் சொல்லுங்கள். எந்த நாட்டில் மாட்டியது என்பதை நிறமே காட்டும். எழுத்து தெளிவாகப் படிக்க முடிந்தால் அந்தத் தனிப்பறவையை எங்கே, எப்போது பிடித்து அடையாளமிட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்.