மாவுக்கட்டோடு வீட்டிலிருந்தே எலும்பு டாக்டரைப் பார்ப்பது எப்படி?

போன மாசியில் சித்தப்பா புளி உலுக்க ஏறினார், கிளை முறிந்து விழுந்தார், இடது மணிக்கட்டு உடைந்தது. எங்கள் ஊர் பென்னாகரம் தாண்டி உள்ளே இருக்கிறது, தருமபுரி டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கட்டுப் போட்ட நாளை விடுங்கள், அதற்கப்புறம் "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்வார்களே, அதுதான் பாடு. ஒரு கை தூக்குக்கட்டில் தொங்க, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய், வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், விரலை ஆட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு, போங்க" என்பார்கள். இதைப் போனிலேயே பார்த்திருக்கலாமே என்று தோன்றும் இல்லையா?

பார்க்கலாம். 2011-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் இதை ஒரு முறையாகவே ஆரம்பித்தார்கள். அவசரப் பிரிவில் முதல் சிகிச்சை முடிந்து ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவையும் குறிப்பையும் பிறகு பார்ப்பார், அப்புறம் போன் வரும். சின்ன விரிசல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அத்தோடு முடித்துவிடுவார்கள், சிக்கலான முறிவு என்றால் மட்டும் நேரில் வரச் சொல்வார்கள். அந்த ஏற்பாடு அப்படியே நம் ஊரில் இல்லாவிட்டாலும், கட்டுப் போட்ட பிறகு வரும் விசிட்டுகளில் சிலதை நாமே இப்படி மாற்றிக்கொள்ள முடியும்.

முதல் நாள் போன் கிடையாது

அடிபட்ட அன்று நேரில்தான் போக வேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலோ, கை கால் கோணிக்கொண்டாலோ, விரல்கள் சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். தொப்பூர் கணவாய் மாதிரி இடத்தில் சாலை விபத்து என்றால் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்று வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கிக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக் கூடும், கையை எடுக்கிற நிலைமைக்கும் கொண்டுபோகும். என் கருத்தைக் கேட்டால், வேண்டாம்.

கிளம்பும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"அடுத்த விசிட்டுகளில் எது போனில் முடியும், எதற்கு நேரில் வரணும்?" இதைக் கேட்காமல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டாதீர்கள். சித்தப்பாவுக்கு இழுத்து நேராக்கிக் கட்டியிருந்தார்கள். அப்படி வைத்த எலும்பு முதல் இரண்டு வாரத்தில் கட்டுக்குள்ளேயே நகரலாம், அது வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். அதனால் எங்கள் டாக்டரம்மா எக்ஸ்ரேவைப் பக்கத்திலேயே எடுத்து அனுப்பச் சொன்னார், வீடியோவில் கையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, நேரில் பார்த்த அதே டாக்டரை அதே பிரச்சினைக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி பார்த்தால் அது தொடர் ஆலோசனைதான், அதைப் போனிலோ வீடியோவிலோ செய்யலாம். எனவே தயங்காமல் கேளுங்கள்.

எக்ஸ்ரேவைப் படம் எடுப்பது

நான் சொதப்பியது இங்கேதான். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து எடுத்தேன், எலும்புக்கு நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் என் தலை நிழல். "இதில் ஒண்ணும் தெரியலை" என்று பதில் வந்தது. மறுநாள் காலை ஜன்னலில் சித்தப்பாவின் வெள்ளை வேட்டியை மடிக்காமல் தொங்கவிட்டு, அதன்மேல் ஃபிலிமை வைத்துப் பிடித்தேன். வெளிச்சம் ஒரே சீராக வந்தது, மயிரிழை விரிசல்கூடத் தெரிந்தது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், போனைச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். நேராக எடுத்தது, பக்கவாட்டில் எடுத்தது என்று இரண்டு கோணம் இருக்கும், இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பெயர், தேதி, இடது வலது குறி எல்லாம் படத்துக்குள் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இணைவது

பார்த்த டாக்டரே வீடியோவில் வருகிறார் என்றால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் வீடியோவில் டாக்டரைப் பார்க்க மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கிறது, இலவசம். மொபைல் எண்ணைப் போட்டு, வரும் ஓடிபியைக் கொடுத்து, நோயாளி விவரத்தை நிரப்பி, எக்ஸ்ரேவையும் ஓபி சீட்டையும் ஏற்றிவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே வருபவர் உங்களைப் பார்த்திராத டாக்டர், எலும்பு டாக்டராக இல்லாமலும் இருக்கலாம், ஆகவே ஓபி சீட்டு கையில் இருக்கட்டும். மருந்துச் சீட்டு போனுக்கே வரும், அதில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். போதை வகை வலி மருந்துகளைப் போனில் எழுதித் தரக் கூடாது, அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.

எங்கள் ஊரில் சிக்னல் தண்ணீர்த் தொட்டி பக்கம்தான் கிடைக்கும். சித்தப்பாவை அங்கே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம், பாதி ஊர் வேடிக்கை பார்த்தது.

திரையில் என்ன காட்டுவது

போனை இன்னொருவர் பிடிக்க வேண்டும், வெளிச்சம் முன்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், வீக்கம் எவ்வளவு என்று ஒப்பிட்டால்தான் புரியும். கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நகத்தை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும், இதை மெதுவாக, கேமராவுக்குக் கிட்டே காட்டுங்கள். அப்புறம் விரல்களை மடக்கி, விரித்து, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு, எங்காவது மரத்திருக்கிறதா என்று சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

இடைப்பட்ட நாட்கள்

முதல் சில நாட்கள் கை நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும், தலையணை போதும். மாவுக்கட்டு முழுசாகக் காய இரண்டு நாள்கூட ஆகும், குளிக்கும்போது பாலித்தீன் கவர் கட்டுங்கள். அரிப்பு வரும். குச்சி, பேனா எதையும் உள்ளே விடக் கூடாது, தோல் கிழிந்து புண்ணானால் சீழ் வைக்கும்வரை தெரியாது. இதை டாக்டரம்மா சொன்னபோது விளக்குமாறு சித்தப்பாவின் காலடியில்தான் கிடந்தது.

"பெரியவரே, உள்ளே எதையாவது விட்டீங்களா?"

"இல்லம்மா, சத்தியமா இல்ல."

வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாத நேரம்

மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை நிமிர்த்தினாலே உயிர் போகிற மாதிரி வலி, விரல் மரத்துப்போவது, நிறம் மாறுவது, கட்டுக்குள்ளிருந்து நாற்றம், காய்ச்சல், கட்டு உடைந்தோ தளர்ந்தோ போவது, காலில் கட்டு என்றால் கெண்டைக்கால் வீக்கமும் திடீர் மூச்சுத் திணறலும். இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

கட்டைப் பிரிக்கவும் நேரில்தான் போக வேண்டும். ஆறாவது வாரம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷின் கட்டை இரண்டாகப் பிளந்ததும் பஞ்சோடு சேர்ந்து விரல் நீளத்துக்கு ஒரு விளக்குமாற்றுக் குச்சி மேஜைமேல் விழுந்தது. டாக்டரம்மா குச்சியைப் பார்த்தார், சித்தப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார்.