போக்கரில், ரிவரில் (கடைசிப் பொதுச்சீட்டில்) பெரிய பெட் (பந்தயம்): இப்போது கால் செய்வதை எப்படி முடிவு செய்கிறேன்

"பிளஃப் மாதிரி தெரியுது" என்று, அதாவது எதிராளி கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுகிறார் என்று நினைத்து, கால் செய்வதுதான் (அவர் போட்டதற்குச் சமமாகப் போட்டு ஆடுவதுதான்) என் சிப்ஸைக் கரைத்துக்கொண்டிருந்தது. எண்ண ஆரம்பித்ததும் சரியானது.

முதலில் விலை. பாட்-இல் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில்) 100, எதிராளி 150 போடுகிறார். 150 கொடுத்து மொத்தம் 400க்கு ஆடுகிறோம், 37.5 சதவீதம் ஜெயித்தால் கட்டுப்படியாகும்.

அடுத்து, எதிராளி கையில் இருக்கக்கூடிய இரு சீட்டுச் சேர்க்கைகள். போர்டு (எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டு): ஸ்பேட் கிங், ஸ்பேட் 9, டைமண்ட் 4, கிளப் 7, ஹார்ட் 2. கையில் டைமண்ட் ஏஸ்-கிங். நம்மை ஜெயிப்பவை என்று நான் எடுத்துக்கொள்பவை: 99 (இரண்டு 9) மூன்று விதம், 44 மூன்று, கிங்-9 ஆறு, மொத்தம் 12. ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) தவறி, பிளஃப் ஆகக்கூடியவை, எல்லாம் ஸ்பேடில்: ஏஸுடன் குயீன், ஜாக், 10, 5, 3, குயீன்-ஜாக், குயீன்-10, ஜாக்-10. மொத்தம் 8. இருபதில் எட்டு, 40 சதவீதம். கால்.

இதே இடத்தில் கையில் டைமண்டுக்குப் பதில் ஸ்பேட் ஏஸ் இருந்தால்? கை பலம் அதேதான், ஆனால் அவருடைய ஐந்து பிளஃப் காணாமல் போகிறது. பதினைந்தில் மூன்று, 20 சதவீதம். ஃபோல்ட் (சீட்டை விட்டுவிடுவது). இதைத்தான் வெகுநாள் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன்.

ஒன்று முக்கியம்: அந்த எட்டையும் அவர் உண்மையில் பெட் செய்வாரா? டர்னில் (நான்காம் பொதுச்சீட்டில்) பெட் செய்துவிட்டு, ரிவரில் செக் செய்து (பந்தயம் போடாமல்) விட்டுவிடுபவர் என்றால் பாதியைக் கழியுங்கள். பதினாறில் நான்கு, 25 சதவீதம், போதாது.