ஆங்கிலம் கற்பிக்க எந்த நாட்டுக்குப் போகலாம்? சம்பளமும் செலவும் கணக்குப் போடும் வழி

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை என்று இணையத்தில் தேடினால் வீடு இலவசம், விமான டிக்கெட் இலவசம் என்று ஆசை காட்டும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதியவை. இந்திய பாஸ்போர்ட்டோடு கிளம்புகிறவருக்குக் கணக்கு வேறு. அதனால் முதலில் எந்த நாடு உங்களுக்கு முறையான வேலை விசா தரும் என்று பாருங்கள், அப்புறம் அந்த நாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு வருடக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் நேரமும் பணமும் வீண்.

தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு சிறிய வழி இருக்கிறது, அதுவும் ஆசிரியர் தகுதிச் சான்று வைத்திருப்பவர்கள் அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேர்வதற்கு மட்டும். சீனாவும் ஏறக்குறைய இதே ஏழு நாட்டு ஆட்களைத்தான் கேட்கிறது. 2021இல் தனியார் டியூஷன் மையங்களுக்குக் கடிவாளம் போட்டபின் அங்கே வேலைகளும் குறைந்துவிட்டன. இந்த இரண்டையும் நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

ஜப்பான் அப்படியில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவரும் 12 வருடம் ஆங்கில வழியில் படித்ததைக் காட்டினால் மொழி ஆசிரியர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில மீடியத்தில் படித்தவர் என்றால், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்று மொழிச் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். வேலை கிடைத்த பிறகு, மூடிப்போன நர்சரி பள்ளியின் பழைய தாளாளரைத் தேடி அலைவது பெரிய பாடு. தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்த வழி கஷ்டம்தான், அதற்காக மனம் தளர வேண்டாம்; வளைகுடாவிலும் மாலத்தீவிலும் பெரும்பாலும் உங்கள் பட்டத்தையும் பி.எட்.டையும் அனுபவத்தையும்தான் பார்ப்பார்கள்.

தாய்லாந்தில் ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களிடம் டோயிக் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள், கூடவே ஆசிரியர் கவுன்சிலின் அனுமதியும் வேண்டும். வியட்நாமில் பட்டம், ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ், போலீஸ் சான்று மூன்றும் சட்டப்படி அத்தாட்சி பெற்று இருந்தால் ஒர்க் பெர்மிட்டுக்கு வழி உண்டு. சான்றிதழ் என்றால் 120 மணி நேரப் படிப்பு என்பது பொதுவான அளவு. கேம்பிரிட்ஜ் தரும் செல்டா என்ற சான்றிதழும் அதே 120 மணி நேரம்தான், ஆனால் அதில் நிஜ மாணவர்களுக்கு 6 மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டியிருப்பதால் மதிப்பு அதிகம், விலையும் அதிகம். "முதலில் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்தப் பள்ளி சொன்னாலும் போகாதீர்கள். மாட்டினால் அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்குத்தான் வரும்.

சரி, விசா கிடைக்கக்கூடிய நாடுகள் இரண்டு மூன்று தேறிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இனி மாதச் சம்பளத்தை மறந்துவிட்டு ஒப்பந்தம் முழுவதற்கும் கணக்குப் போடுங்கள். தாய்லாந்தில் மாதம் 35,000 பாட் என்று ஒரு பள்ளி சொல்கிறது, ஆனால் ஒப்பந்தம் 10 மாதத்துக்குத்தான், கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லை என்றால், வருடத்துக்கு 3,50,000 பாட். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 29,000 சொச்சம். பக்கத்துப் பள்ளி 12 மாதமும் 31,000 தந்தால் அதுதான் நல்ல வேலை. வியட்நாமில் மணிக்கணக்கில் சம்பளம் தரும் மையங்கள் நிறைய, அங்கே தெத் புத்தாண்டு விடுமுறையில் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லையென்றால் பணமும் இல்லை. வாரத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் உறுதி என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே வரி விஷயமும் ஒன்று உண்டு. 183 நாளுக்குக் குறைவாக இருந்து வரி விதிப்பில் அந்நாட்டில் வசிப்பவராகக் கணக்கில் வராதவருக்கு நேராக 20 சதவீதம் பிடித்தம்.

ஜப்பானில் முதல் செலவு பயமுறுத்தும். டெபாசிட், வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத சாவிப் பணம், புரோக்கர் கட்டணம், ஜாமீன் நிறுவனத்துக்கு ஒரு தொகை என்று வாடகை வீட்டுக்குள் நுழையவே நான்கு ஐந்து மாத வாடகை போய்விடும். நகராட்சி வரி முந்தைய வருட வருமானத்தை வைத்துப் போடுவது, அதனால் இரண்டாம் வருடம் ஜூனிலிருந்து திடீரென்று கைச் சம்பளம் குறையும். இன்னொரு பக்கம், யென்னின் மதிப்பையும் பார்க்க வேண்டும்: 2020இல் ஒரு யென் கிட்டத்தட்ட 70 பைசா, 2024இல் 55 பைசாதான். அதே காலத்தில் அமீரகத்தின் பணமான திர்ஹம் 20 ரூபாய்ச் சில்லறையிலிருந்து 23 ரூபாயை நெருங்கிவிட்டது, ஏனென்றால் அது டாலரோடு கட்டப்பட்ட பணம். ஊரில் கடன் அடைக்க வேண்டியவர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஜப்பானின் ஒழுங்கும் அங்கே கற்றுக்கொள்ளும் மொழியும் பிடித்துப் போகிறவர் தாராளமாகப் போகலாம், பணம் சேர்க்க மட்டும் என்றால் இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன்.

வளைகுடாவைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், நம் ஆசிரியர்களில் அதிகம் பேர் போவது அங்கேதான். அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் எந்தப் பாடத்திட்டப் பள்ளி என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. சிபிஎஸ்இ பள்ளியில் தருவதைப் போல இரண்டு மூன்று மடங்கு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் தருவார்கள், அதற்கேற்ற தகுதியும் கேட்பார்கள்.

ஆஃபர் லெட்டர் வந்தவுடன் மொத்தத் தொகையைத் தாண்டி பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பள்ளிகளும் 5,000 திர்ஹம் தருகின்றன, ஒன்றில் பேசிக் 2,000, மீதி அலவன்ஸ். மற்றதில் பேசிக் 3,500. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் என்ற கணக்கில் வரும். முதல் பள்ளியில் ஐந்து வருடத்துக்கு 7,000 திர்ஹம், இரண்டாவதில் 12,250. ஒரே வேலை, ஒரே சம்பளம், கடைசியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

அப்புறம் வீடு. துபாயில் வாடகையை மாதாமாதம் கட்டுவது அரிது, பின்தேதியிட்ட செக்குகளாக மொத்தமாகக் கேட்பார்கள். அதற்கு மேல் வருட வாடகையில் 5 சதவீதம் டெபாசிட், 5 சதவீதம் புரோக்கருக்கு, மின்சார இணைப்புக்கு 2,000 திர்ஹம் டெபாசிட். பள்ளி வீடு தரவில்லையென்றால் தனி ஆள் பெட் ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) அல்லது ஷேரிங் அறையில்தான் சமாளிக்க முடியும். குடும்பத்தைக் கூட்டிப்போக 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும், இது விசா நிபந்தனை மட்டுமே, அந்தப் பணத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் கணவனும் மனைவியும் வேலை பார்க்கிற குடும்பத்தில், ஆசிரியரின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டணச் சலுகை தந்தால் கணக்கே மாறிவிடும். சலுகை எத்தனை சதவீதம், எத்தனை பிள்ளைக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாலத்தீவில் தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் வெகு காலமாக இருக்கிறார்கள். மாலே நகரில் வாடகை கழுத்தைப் பிடிக்கும், தொலைவுத் தீவுப் பள்ளிகளில் தங்குமிடம் கிடைத்தால் செலவு குறையும், தனிமை கூடும். காய்கறி, பால் எல்லாமே கப்பலில் வரவேண்டும் என்பதால் சாப்பாட்டுச் செலவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். முக்கியமான விஷயம், சம்பளம் மாலத்தீவுப் பணமான ருஃபியாவில் வந்தால் வங்கி வழியாக டாலராக மாற்றி அனுப்புவதற்கு வரம்பு இருக்கும், மீதியை வெளியில் அதிக விலைக்கு வாங்க வேண்டிவரும், உங்கள் சேமிப்பு அங்கேயே கரைந்துவிடும். டாலரில் தருவார்களா, மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று அங்கே இப்போது வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன் ஆகும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமீரகத்துக்குப் போவதானால் பட்டச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படியேறி அத்தாட்சி பெற வேண்டும், பி.எட்.டுக்குத் தனியாக, திருமணச் சான்றுக்குத் தனியாக. அயல்நாட்டுச் சான்றிதழ்களை ஏற்பதற்கான அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகளுக்கு ஒரே முத்திரை போதும், ஜப்பான், ஓமன் அந்த வகை. ஏஜென்ட் வழியாகப் போனால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், பதில் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த எல்லாச் செலவையும் ஒப்பந்த மாதங்களால் வகுத்து, மாதச் செலவோடு கூட்டி, மொத்த வருமானத்தின் மாதச் சராசரியிலிருந்து கழியுங்கள். வருகிற தொகை, ஊரில் இப்போது நீங்கள் மாதம் மிச்சம் பிடிப்பதைப் போல இரண்டு மடங்காவது இல்லையென்றால், பணத்துக்காக அந்த நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஊர் பார்க்கவும் அனுபவத்துக்காகவும் என்றால் வேறு விஷயம், அதற்கு வியட்நாம் நல்ல இடம். எங்கே போனாலும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் ஆன பணத்தைப் பள்ளிக்குத் தெரியாத ஒரு கணக்கில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள், முதல் சம்பளம் சொன்ன தேதிக்கு வராமல் தள்ளிப்போவது பல இடங்களில் நடக்கிற ஒன்று.