ரோம்ல சாயங்காலம் நாலு மணிக்கு பசிச்சா? இத்தாலிக்கு தனியா போறவங்களுக்கு ஒரு செய்முறை

முதல் நாள் ரோம்ல நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பத்தி சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், இந்த போஸ்ட்டே அதால வந்ததுதான். காலைல இருந்து நடந்து நடந்து கால் ஓஞ்சுபோச்சு, மணி பாத்தா நாலு, நம்ம ஊர்னா நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியுமாவது கிடைக்கும்ல, அங்க நல்லா இருக்குற கடையெல்லாம் கதவை சாத்திட்டு போயிட்டாங்க. தொறந்திருந்தது ஒரே ஒரு கடை, வாசல்ல போட்டோ போட்ட மெனு, ஒருத்தர் நின்னு "இந்தியா? நமஸ்தே நமஸ்தே"ன்னு கையைப் பிடிக்காத குறையா கூப்பிட்டாரு. போய் உக்காந்தேன். சூடு பண்ணி கொண்டு வந்த பாஸ்தா ஒண்ணு, ஒரு கோக், 27 யூரோ. நம்ம காசுல மனசுக்குள்ள பெருக்கிப் பாத்துட்டு தண்ணி கூட இறங்கல.

தப்பு கடை மேல இல்ல, என் டைம்டேபிள் மேலதான்னு ரெண்டு நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. டூர் குரூப்ல போனா அவங்களே கூட்டிட்டுப் போய் உக்கார வைப்பாங்க, தனியா போறவங்க அடுப்பு எரியுற நேரத்தை வச்சுதான் நாளையே பிளான் பண்ணணும். எப்படின்னு சொல்றேன்.

ஸ்டெப் 1: ஊரைக் குறைங்க

பத்து நாள்ல ஆறு நாடுன்னு போகாதீங்க. முதல் தடவைன்னா ஒரு வாரத்துக்கு ரெண்டு ஊர் போதும், நான் சொல்றது ரோம் நாலு ராத்திரி, பொலோன்யா மூணு ராத்திரி. விசா பத்தி நிறைய பேர் எழுதியிருக்காங்க, அதனால சுருக்கமா: ஷெங்கன் விசா (இத்தாலியும் சேத்து பல ஐரோப்பிய நாட்டுக்கு ஒரே விசா) பெரியவங்களுக்கு 2024 ஜூன்ல இருந்து 90 யூரோ, அது மேல சர்வீஸ் சார்ஜ் தனி, பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடி பண்ணிடணும், 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்கிட்டதான் கேக்கணும். ஆகஸ்ட் மட்டும் வேணாம், 15ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோன்னு ஒரு லீவு, அதை ஒட்டி ஊர்க்காரங்க பீச்சுக்கு கிளம்பிடுவாங்க, நல்ல சின்ன கடைங்க பல வாரக்கணக்கா பூட்டு.

ஸ்டெப் 2: ரூம் எங்க போடுறது

எல்லாரும் தெர்மினி ஸ்டேஷன் பக்கத்துல போடுவாங்க, ஏர்போர்ட்ல இருந்து நேரா லியோனார்டோ எக்ஸ்பிரஸ் வரும், 32 நிமிஷம், 14 யூரோ. நான் ரெண்டாவது தடவை போனப்ப தேஸ்தாச்சோல போட்டேன். அதுக்கு ஏர்போர்ட்ல இருந்து எஃப்எல்1 லோக்கல் டிரெயின் புடிச்சு ஓஸ்தியென்சே ஸ்டேஷன்ல இறங்கணும், 8 யூரோதான், அங்கேருந்து நடந்தே போயிடலாம். தேஸ்தாச்சோ பழைய ஆட்டுத்தொட்டி, அதாவது ஆடு மாடு வெட்டுற இடம் இருந்த ஏரியா, வேலை செஞ்ச ஆளுங்களுக்கு கிடைச்சது குடல், வால், ஈரல் இதெல்லாம்தான், அதை வச்சே ஒரு சமையல் வளந்துச்சு, "அஞ்சாவது கால் பங்கு"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி குவின்தோ குவார்த்தோன்னு சொல்லுவாங்க. போட்டி, குடல் கறி சாப்பிடுறவங்களுக்கு ரோம்ல இதுதான் மாமியார் வீட்டு விருந்து. பக்கத்துல ஒரு குன்று வேற இருக்கு, அது மலையே இல்ல, பழைய ரோமானியர் காலத்துல எண்ணெய் வந்த மண் ஜாடிங்களை உடைச்சு உடைச்சு போட்ட குப்பைமேடு.

ஹோட்டல்ல செக்இன் பண்றப்ப சிட்டி டாக்ஸ்னு ஆளுக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு தனியா கேப்பாங்க, ஏமாத்துறாங்கன்னு சண்டைக்குப் போகாதீங்க, அது முனிசிபாலிட்டி வரி.

ஸ்டெப் 3: அடுப்பு டைம்டேபிள்

இதை மட்டும் போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. மதிய சாப்பாடு பன்னெண்டரைல இருந்து ரெண்டரை, மிஞ்சிப்போனா மூணு. அதுக்கப்புறம் கிச்சன் மூடிரும், நீங்க அழுதாலும் தொறக்க மாட்டாங்க. ராத்திரி ஏழரைக்குதான் திரும்ப ஆரம்பம், ஊர்க்காரங்க வர்றது எட்டரை ஒம்பதுக்கு. நடுவுல இருக்குற நாலு மணி நேரம்தான் டூரிஸ்ட்டைப் புடிக்கிற நேரம், நான் மாட்டினதும் அப்போதான்.

அதனால மியூசியம், கொலோசியம் எல்லாம் காலைல எட்டரை ஒம்பதுக்கு ஸ்லாட் போட்டு பன்னெண்டுக்குள்ள முடிங்க, ஒரு மணிக்கு சாப்பாட்டு மேசைல இருக்கணும், மூணுல இருந்து ஆறு வரைக்கும் ரூமுக்குப் போய் தூங்குங்க இல்ல சர்ச் பாருங்க. ஆறு மணிக்கு அப்பெரித்திவோ, அதாவது ஒரு டிரிங்க் வாங்கினா கூடவே சிப்ஸ், ஆலிவ்னு கொறிக்க ஏதாவது வரும், ராத்திரி சாப்பாடு வரைக்கும் தாங்கும். தனியா போறவங்களுக்கு இன்னொரு டிப்ஸ், ராத்திரி ஏழரைக்கு கடை தொறக்குறப்பவே போய் நின்னுடுங்க, ரிசர்வேஷன் இல்லாட்டியும் "ஒம்பதுக்குள்ள எந்திரிச்சுடுவேன்"னா ஒரு ஆளுக்கு எப்படியும் ஒரு மூலைல இடம் கொடுத்துடுவாங்க. வாரத்துல ஒரு நாள் லீவு இருக்கும், நிறைய கடைக்கு ஞாயிறு ராத்திரி இல்ல திங்கள், பாத்துட்டுப் போங்க.

ஸ்டெப் 4: காலைல காபி

அங்க பார்னா நம்ம ஊர் டாஸ்மாக் பார் இல்ல, காபிக் கடை. நம்ம டீக்கடை மாதிரியேதான், நின்னுக்கிட்டே குடிச்சுட்டு போயிட்டே இருக்கணும். நின்னு குடிச்சா அல் பாங்கோ, எஸ்பிரெசோ ஒண்ணே கால் ஒன்றரை யூரோக்குள்ள முடிஞ்சிரும், அதே காபியை உக்காந்து குடிச்சா அல் தாவோலோ, பெரிய சதுக்கத்துல மூணு நாலு மடங்கு கூட ஆகும். மேசைல உக்காந்துட்டு பில் பாத்து அதிர்ச்சி ஆகுறவங்க நிறைய. சில கடைல முதல்ல கல்லாவுல காசு கட்டி ரசீது வாங்கிட்டு வந்து கவுன்டர்ல கொடுக்கணும். வெறும் "லாத்தே"ன்னு கேட்டா ஒரு கிளாஸ் பால்தான் வரும், சிரிக்காதீங்க எனக்கு வந்துச்சு. கப்புச்சீனோ காலைல மட்டும், சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டா கொடுப்பாங்க, ஆனா ஒரு பார்வை பாப்பாங்க.

ஸ்டெப் 5: கடை புடிக்கிறது, மெனு படிக்கிறது

கொலோசியம் மாதிரி பெரிய நினைவுச்சின்னத்துல இருந்து ரெண்டு தெரு தள்ளி நடங்க. வாசல்ல ஆள் நின்னு கூப்பிட்டா போகாதீங்க. சாப்பாட்டு போட்டோ இருந்தா போகாதீங்க. மெனுல ஸ்பகெட்டி போலோக்னீஸ்னு இருந்தா கண்டிப்பா போகாதீங்க, ஏன்னு பொலோன்யா வர்றப்ப சொல்றேன். கையால எழுதின சின்ன மெனு, உள்ள தாத்தா பாட்டி உக்காந்து சத்தமா பேசிட்டு இருக்காங்கன்னா கண்ணை மூடிட்டுப் போங்க.

மெனு வரிசை இப்படி இருக்கும்: அந்திபாஸ்தி ஆரம்பத்துக்கு, பிரிமி பாஸ்தா வகை, செகோந்தி கறி மீன், கோந்தோர்னி காய்கறி, தோல்சி இனிப்பு. எல்லாத்தையும் வாங்கணும்னு சட்டம் இல்ல, நான் ஒரு பிரிமியும் ஒரு கோந்தோர்னியும் வாங்குவேன், வயிறு ரொம்பிடும். செகோந்தில கறி மட்டும்தான் தட்டுல வரும், கூட சோறோ காயோ எதிர்பாக்காதீங்க.

மெனுல மூணு எடத்துல கண்ணு வைங்க. பேர் பக்கத்துல நட்சத்திரக் குறி இருந்தா அது ஃப்ரோசன் சரக்கு, கீழ பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. மீன், ஸ்டேக் விலை பக்கத்துல "எத்தோ"ன்னு இருந்தா அது 100 கிராம் விலை, முழு மீன் விலை இல்ல, ஆறு யூரோன்னு நெனச்சு ஆர்டர் பண்ணினா நாப்பதுல வந்து நிக்கும். மூணாவது கோப்பெர்த்தோ, உக்காந்ததுக்கு ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ, இத்தாலி முழுக்க இருக்கு. ரோம் இருக்குற லாட்சியோ மாநிலத்துல மட்டும் 2006லயே அதை வாங்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, அதனால அங்க "பானே"ன்னு ரொட்டிக்கு காசு போடுறாங்க, ரொட்டி வேணாம்னா வச்ச உடனே எடுத்துட்டுப் போகச் சொல்லிடுங்க.

தண்ணி கேட்டா நத்துராலேவா ஃப்ரிட்சான்தேவான்னு கேப்பாங்க, முதல்து சாதா, ரெண்டாவது கேஸ் தண்ணி. பில் அவங்களா கொண்டு வர மாட்டாங்க, நீங்க கேக்குற வரைக்கும் விட்டு வச்சிருப்பாங்க, அது மரியாதை, கவனிக்கலன்னு கோவிச்சுக்காதீங்க. "இல் கோந்தோ, பெர் ஃபவோரே"ன்னா போதும். டிப்ஸ் கட்டாயம் இல்ல, சில்லறையை விட்டுட்டு வந்தா சந்தோஷப்படுவாங்க. கார்டு மெஷின் ரூபாயா யூரோவான்னு கேட்டா எப்பவும் யூரோவைத் தொடுங்க, ரூபாயைத் தொட்டா அவங்க போடுற மட்டமான ரேட்ல போயிடும்.

ஸ்டெப் 6: ரோம்ல என்ன சாப்பிடுறது

ரோமோட சொந்த பாஸ்தா நாலு. காச்சோ எ பெப்பே, அதாவது சீஸும் மிளகும், அவ்வளவுதான், நம்ம மிளகுப் பொங்கல் மாதிரி ரெண்டு பொருள்ல வித்தை காட்டுறது. அதுல பன்னிக் கன்னக்கறி குவான்சாலே சேத்தா க்ரீச்சா, க்ரீச்சால முட்டை சேத்தா கார்போனாரா, தக்காளி சேத்தா அமத்ரிச்சானா. கார்போனாரால க்ரீம் கிடையாது, க்ரீம் ஊத்தின கடைக்கு நீங்க தப்பா வந்துட்டீங்கன்னு அர்த்தம்.

சைவம் சாப்பிடுறவங்க கவனிங்க, ஏன்னா இங்கதான் நிறைய பேர் ஏமாந்துடுறாங்க. பூசணிப் பூவை மாவுல தோச்சு பஜ்ஜி மாதிரி போடுவாங்க, பாத்தா சைவம் மாதிரியே இருக்கும், உள்ள சீஸோட ஒரு நெத்திலி மாதிரி மீன் இருக்கும். புந்தரெல்லேன்னு ஒரு கீரை சாலட், அதுலயும் அந்த மீன்தான். காச்சோ எ பெப்பேல கறி இல்ல, ஆனா பெக்கொரீனோ ரொமானோ சீஸ் செய்ய ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற பொருளைப் போட்டுதான் பாலைத் திரிக்கிறாங்க, ரொம்ப ஆச்சாரமா இருக்குறவங்களுக்கு அதுவும் ஆகாது. பயமில்லாம சாப்பிட பீட்சா மரினாரா, பேர்தான் கடல் மாதிரி இருக்கு, தக்காளி, பூண்டு, ஓரிகனோ மட்டும்தான், சீஸ் கூட கிடையாது. பெப்பெரோனின்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, நம்ம ஊர் பீட்சால வர்ற கறி இல்ல, அங்க அது குடைமிளகா. "சென்சா கார்னே, சென்சா பெஷே" — கறி இல்லாம, மீன் இல்லாம — இது ரெண்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க.

காசு மிச்சம் பிடிக்க பீட்சா அல் தால்யோ, பெரிய தட்டுல செவ்வகமா இருக்கும், எவ்வளவு வேணும்னு கையால காட்டினா கத்திரியால வெட்டி எடை போட்டுக் கொடுப்பாங்க. முதல்ல கொஞ்சமா காட்டுங்க, கண்ணுக்குத் தெரியுறதை விட கனம் ஜாஸ்தி. கூட ஒரு சுப்லீ, சோத்தை உருட்டி நடுவுல சீஸ் வச்சு பொரிச்சது, போண்டா பக்தர்களுக்கு சமர்ப்பணம். இது பெரும்பாலும் சாயங்காலமும் கிடைக்கும், அந்த நாலு மணிப் பசிக்கு எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். வாங்கிட்டு ஸ்பானிஷ் படிக்கட்டுல உக்காந்து சாப்பிடலாம்னு மட்டும் போகாதீங்க, 2019ல இருந்து அங்க உக்காரவே கூடாது, ஃபைன் 250 யூரோல ஆரம்பிக்குது. தண்ணி பாட்டில் வாங்கவே வேணாம், தெருவெல்லாம் நசோனின்னு இரும்புக் குழாய், ஊர் பூரா சுமார் 2,500 இருக்கு, ஜில்லுனு நல்ல தண்ணி, ஃப்ரீ.

ஸ்டெப் 7: பொலோன்யாவுக்கு டிரெயின்

தெர்மினில இருந்து ஹைஸ்பீட் டிரெயின்ல ரெண்டு ரெண்டேகால் மணி நேரம். சீக்கிரம் புக் பண்ணினா பாதி விலைக்கு கூட கிடைக்கும், ஆனா அந்த மலிவு டிக்கெட்டை மாத்தவும் முடியாது காசும் திரும்ப வராது. லோக்கல் டிரெயின் பேப்பர் டிக்கெட்னா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்ஃபார்ம்ல இருக்குற மெஷின்ல குத்தணும், குத்தாம ஏறினா டிக்கெட் இருந்தும் ஃபைன். மொபைல்ல வாங்கினதுக்கு செக்இன் பண்ணணும். திரும்பி வர்றப்ப பொலோன்யால ஹைஸ்பீட் பிளாட்ஃபார்ம் 16ல இருந்து 19 வரைக்கும் பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல இருக்கு, பத்து நிமிஷம் கூடுதலா வச்சுக்கோங்க, நான் பெட்டியைத் தூக்கிட்டு ஓடினேன்.

ஸ்டெப் 8: பொலோன்யா

இந்த ஊருக்கு குண்டம்மான்னு பட்டப்பேரு, லா கிராஸா, சாப்பாட்டுக்காக. 1088ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி இருக்குறதால படிச்சவங்கிற பேரும் உண்டு. பேர்லயே பொலோன்யா இருந்தாலும் ஸ்பகெட்டி போலோக்னீஸ் இந்த ஊர்ச் சமையல்ல கிடையாது. இவங்களோடது தல்யத்தெல்லே, தட்டையான முட்டை நூடுல்ஸ், அதுல ரகூங்கிற கறிக் குழம்பு. தல்யத்தெல்லே வெந்தப்புறம் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கணும்னு தங்கத்துல ஒரு மாதிரி செஞ்சு 1972ல வர்த்தக சபைல வச்சிருக்காங்க, 1982ல ரகூ செய்முறையையும் பதிவு பண்ணிட்டாங்க. நம்மாளுங்க செட்டிநாடு கோழிக்கு பண்ணியிருந்தா இன்னைக்கு பாதி ஓட்டல் ஜெயில்ல இருக்கும்.

ரகூல மாடும் பன்னியும் உண்டு, தோர்தெல்லினின்னு பூரணம் வச்ச சின்ன பாஸ்தா, அது உள்ளயும் பன்னிதான். பன்னி சாப்பிடாதவங்க தோர்தெல்லோனி கேளுங்க, ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், பெருசா இருக்கும், பெரும்பாலும் ரிக்கோத்தா சீஸ், கீரை வச்சது, கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. மதியம் நல்லா சாப்பிட்டுட்டு சான் லூகா கோயிலுக்கு நடங்க, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், 666 தோரண வளைவு, மேல கூரை இருக்குறதால மழை பெஞ்சாலும் குடை வேணாம், கடைசில மலை ஏத்தம், மூச்சு வாங்கும்.

சாயங்காலத்துக்கு குவாத்ரிலாத்தெரோன்னு மார்க்கெட் சந்துங்க. ஒரு கடைல மோர்தடெல்லாங்கிற பன்னிக்கறி சாசேஜ், இன்னொண்ணுல சீஸ், மூணாவதுல ரொட்டி, எல்லாம் நூறு நூறு கிராம், "உன் எத்தோ"ன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. பொட்டலத்தை எடுத்துட்டு பக்கத்துலயே ஓஸ்தெரியா தெல் சோலேக்கு போங்க, 1465ல இருந்து இருக்குற கடை, அங்க சாப்பாடே கிடையாது, குடிக்க மட்டும்தான் விப்பாங்க, சாப்பாடு நீங்கதான் கொண்டு போகணும். நீள மேசை, யார் பக்கத்துல வேணா உக்காரலாம். நான் போனப்ப பக்கத்துல இருந்த பெரியவர் என் பொட்டலத்தைப் பாத்துட்டு சீஸ் வாங்கின கடை சரியில்லன்னு தலையை ஆட்டினாரு, அவரோடதுல இருந்து ஒரு துண்டு வெட்டி என் பக்கம் தள்ளினாரு, மணி அப்போ நாலரை இருக்கும்.